சாட்சி 388 சொன்ன நல்ல வார்த்தை

2074ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை. மலேசியாவின் பேராக் மாநிலம் முழுவதும் புகைமூட்டம் கவிந்திருந்தது. கடலுக்கு அப்பால் எரிந்துகொண்டிருந்த காடுகளின் சாம்பல் ஆறாவது நாளாகக் காற்றில் மிதந்தது. காலைச் சூரியன் பிளந்த மாதுளையின் நிறத்தில், கண் கூசாமல் பார்க்கத்தக்கதாக நின்றது. காற்று மாசுக் குறியீடு முந்நூற்றைத் தாண்டியமையால் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டிருந்தது.

ஆகவே, கோலகங்சார் வட்டார நூலகத்தின் மாடியில் இருந்த வரலாற்று வகுப்பறையில் மாணவர் எவரும் இல்லை. ஆசிரியை தவமலர் மட்டும் பத்து மணிக்கே வந்து, சன்னல்களை அடைத்து, ஈரத்துணியால் மேசைகளைத் துடைத்துவிட்டு அமர்ந்திருந்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தெட்டு வயது வரை கமுண்டிங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் உழைத்தவர். நாற்பதில் பள்ளி இறுதித் தேர்வையும் நாற்பத்தாறில் வரலாற்றுப் பட்டத்தையும் வென்றவர். பிந்திப் படித்தவர்களுக்கே உரிய பெருமிதம் அவரிடம் நிறைந்திருந்தது. அச்சில் வந்ததையும் திரையில் வந்ததையும் அவர் சாமி படத்தைப் போல் இரு கைகளாலும் ஏந்துவார்.

சற்று நேரத்தில் கோகிலவாணி படியேறி வந்தார். ஓய்வுபெற்ற தாதி, அறுபத்தொன்பது வயது. மூச்சு வாங்கியது. முகக்கவசத்தைக் கழற்றியதும் மூக்கைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தது.

"நெனவுக்கல்லு வந்து எறங்கிடுச்சு டீச்சர். கோயில் வாசல்ல படுத்துக் கெடக்கு, யான மாதிரி. நாப்பத்தோரு கோடு கீறி வச்சிருக்கான் கல்தச்சன். பேரு எங்க, பேரு எங்கன்னு கொல்றான்."

"ஞாயிற்றுக்கிழமைதானே திறப்பு விழா? பதற்றம் எதுக்குக்கா?"

"நாலு மணிக்கு மேல என்னமோ பூட்டிடுவாங்கன்னு சொன்னீங்களே."

"பூட்டு இல்லக்கா, முத்திரை. அதுக்கப்புறமும் திரையில மருதப்பன் ஐயா பேசுவாரு. மாத்த மட்டும் முடியாது. நம்ம பேருங்களுக்கு என்ன வந்துச்சு? கிணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டு போகப் போகுது?"

கோகிலவாணி ஒரு நோட்டுப் புத்தகத்தையும் இரண்டு பேனாக்களையும் மேசைமேல் வைத்தார். ஒன்று தீர்ந்துவிட்டால் மற்றொன்று.

அந்தப் பெயர்களின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவது தகும். இரண்டாம் உலகப் போரில், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் ரயில் பாதை ஒன்றை அமைக்க ஜப்பானிய இராணுவம் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பெருந்திரளாகக் கொண்டுசென்றது. சென்றவர்களுள் திரும்பாதோர் பலர். பத்து லிந்தாங் என்னும் தோட்டத்திலிருந்து 1943இல் நாற்பத்திரண்டு பேர் சென்றனர். ஒருவர் மட்டுமே மீண்டார். மருதப்பன் என்னும் அவர், எழுபத்தெட்டாம் வயதில், ஓர் ஒலிநாடாவுக்கு முன் ஆறு மணி நேரம் பேசினார். பேச்சின் கடைசி இருபது நிமிடங்களில், இறந்த நாற்பத்தொருவரின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். வேறு எந்த ஏட்டிலும் அப்பெயர்கள் இல்லை. தோட்டமும் அழிந்தது, குடும்பங்களும் சிதறின. கோகிலவாணிக்குத் தம் கொள்ளுத்தாத்தா சின்னக்கறுப்பனின் பெயர் மட்டும் தெரியும். மற்ற நாற்பதும் மருதப்பனின் வாயில் இருந்தன.

மருதப்பன் இறந்து பல்லாண்டுகளுக்குப் பின் 'உலக வரலாற்றுக் கற்றல் களம்' தோன்றியது. இணையவழியே வரலாற்றைக் கற்பிக்கும் வளங்களுள் அதுவே தலையாயது எனலாம். பாடத்தைப் படிக்க வேண்டியதில்லை; பாடத்தில் வாழ்ந்தவரையே கேட்கலாம். பாரிசில் ரொட்டிக்கு வரிசையில் நின்ற சலவைக்காரி, ஆலையில் விரல் இழந்த சிறுமி, அடிமைக் கப்பலின் தச்சன் என அறுநூற்றுப் பன்னிரண்டு சாட்சிகள் அதில் இருந்தனர். அவர்கள் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஒலிநாடாக்களையும் செரித்து உருவாக்கப்பட்டவர்கள். கேட்ட வினாவுக்குத் தத்தம் குரலிலேயே விடையளிப்பார்கள். மருதப்பன் சாட்சி எண் 388.

தவமலர் திரையைத் தொட்டார். வேட்டி கட்டிய, கன்னம் ஒட்டிய கிழவர் மரப்பெட்டி ஒன்றின்மேல் அமர்ந்திருந்தார்.

"வாங்க தாயி. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோம் ஐயா. உங்களோட போனவங்க பேரு நாப்பத்தொண்ணு சொல்வீங்களே, அதை இன்னிக்கு எழுதிக்க இந்த அக்கா வந்திருக்காங்க."

கிழவர் சிரித்தார். "எதுக்குத் தாயி எழுதணும்? எல்லாரும் நல்லபடியா வீடு வந்து சேந்துட்டாங்களே."

கோகிலவாணியின் பேனா காகிதத்தின்மேல் அப்படியே நின்றது.

"ஐயா, வாந்திபேதி வந்துச்சே. மூங்கில் கொட்டாயில..."

"லேசா காய்ச்சல் கண்டுச்சு. கஞ்சி குடுத்தாங்க, தேறிட்டோம். ஆத்தங்கரையில சாயங்காலம் எல்லாரும் பாடுவோம். அது ஒரு காலம் தாயி!"

தவமலர் வினாவை மாற்றிக் கேட்டார், மிரட்டிக் கேட்டார், கெஞ்சிக் கேட்டார். கேட்கக் கேட்கக் கிழவரின் முகம் மலர்ந்தது. ஜப்பான்காரன் மிட்டாய் கொடுத்தான் என்றார். பாலம் கட்டியதில் தமக்கு ஒரு பெருமை உண்டு என்றார்.

"டீச்சர், இது யாரு?" என்றார் கோகிலவாணி, மெதுவாக.

களத்தின் வட்டாரப் பராமரிப்பாளர் நவநீதன் ஈப்போவில் இருந்தார். அழைப்பை ஏற்றபோது வாய் நிறைய நாசி லெமாக் இருந்தது. விவரத்தைக் கேட்டதும் மெல்லுவதை நிறுத்தினார்.

"மூல ஒலிநாடா எங்க சார் இருக்கு? அதைப் போடுங்க, போதும்," என்றார் தவமலர்.

"அது இல்ல டீச்சர். சாட்சி உருவானதும் நாடாவ அழிச்சிடுவாங்க. ஒரு ஞாபகத்துக்கு ரெண்டு பிரதி கூடாதுன்னு சட்டம். எது உண்மன்னு சண்ட வருமாம். சோறு தின்னு ஒடம்பாயிடுச்சு. இனிமே சோத்தக் கேட்டா எங்க போறது?"

"அப்ப அந்த உடம்பு ஏன் பொய் பேசுது?"

நவநீதன் ஏதோ பட்டியலைப் பார்த்தார். தயங்கினார். "சாட்சிங்க, கேக்குறவங்க போடுற நட்சத்திரத்தப் பாத்து வளரும் டீச்சர். எந்தப் பேச்சுக்கு அஞ்சு நட்சத்திரம் விழுதோ, அதையே இன்னும் கொஞ்சம் பேசும். சலவைக்காரிய ஒலகம் பூரா நாப்பதாயிரம் வகுப்பு கேக்குது. அங்க ஒருத்தர் சாய்ச்சா இன்னொருத்தர் நிமுத்துவாரு. இவரு தமிழ்ல பேசுறவரு. யாரு கேக்குறா?"

"யாரு?"

"நூத்துக்குத் தொண்ணூத்து ரெண்டு பங்கு உங்க வகுப்புதான். உங்கள நான் கொற சொல்லல. ஆனா அவர வளத்தது நீங்கதான் டீச்சர்."

"நான் பொய்க்கு நட்சத்திரம் போட்டதே இல்ல!"

"போட்ட நேரத்தப் பாருங்க. பதினோரு வருசமா, ஒவ்வொரு வகுப்புக்கும், கடைசி ரெண்டு நிமிசத்துல. அந்த நேரத்துல அவரு என்ன சொல்லிட்டு இருப்பாரு?"

தவமலருக்கு விடை தெரிந்திருந்தது.

விளக்கை 'அணை' என்று சொல்லாத வீட்டில் பிறந்தவர் அவர். 'குளிர வை' என்பார்கள். 'போகிறேன்' என்று சொல்லிப் படியிறங்கினால் அவர் தாயார் திரும்ப அழைத்து 'வருகிறேன்' என்று சொல்லச் செய்வார். ஆகவே, சாவைப் பற்றிய பாடம் சாவோடு முடியக்கூடாது என்பது அவருக்குச் சட்டத்தினும் பெரிய சட்டம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் வாந்திபேதியையும் பிணக்குழியையும் கேட்டுவிட்டு அப்படியே வீட்டுக்குப் போகலாமா? ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் அவர் கேட்பார்: "ஐயா, ஒரு நல்ல வார்த்தை சொல்லி முடிங்க." முதலாண்டில் கிழவர் திகைத்தார். பிறகு, "நீங்கல்லாம் நல்லா இருக்கணும்," என்றார். பிள்ளைகள் கைதட்டினர். தவமலர் ஐந்து நட்சத்திரம் இட்டார். அடுத்த ஆண்டு, "கஷ்டத்துலயும் பாட்டு பாடினோம்," என்றார். ஐந்து நட்சத்திரம். தினம் பார்க்கும் முகத்தில் நரை ஏறுவது தெரியாதது போல, அந்த நல்ல வார்த்தை ஆண்டுக்கு ஆண்டு நீண்டு, பின்னோக்கி வளர்ந்து, பாடத்தைத் தின்றது தெரியவில்லை.

பெயர்களையாவது இடையில் கேட்டிருக்கலாம். ஆனால் பாடநேரம் குறைக்கப்பட்டபின், இருபது நிமிடப் பட்டியலை அவரே தவிர்த்துவிட்டார். முதலாண்டில் அவற்றை ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். கற்றவர்கள் காக்கும் களத்தில் இருப்பதற்கு, கையுறைக்காரியின் கிறுக்கல் எதற்கு என்று பழைய காகிதத்தோடு போட்டுவிட்டார்.

"சார், நாலு மணிக்குள்ள திருப்ப முடியுமா?"

"முத்திரைய நிறுத்த என்னால முடியாது. எல்லா சாட்சிக்கும் இன்னிக்கு ஒரே நேரத்துல போடுறாங்க. ஆனா அவர சாய்ச்சது உங்க கை. நிமுத்துறதுன்னாலும் உங்க கைதான்." நவநீதன் குரலைத் தாழ்த்தினார். "பொய் சொன்னா ஒத்த நட்சத்திரம் போடுங்க. விடாம போடுங்க. ஆனா, உள்ள மிச்சம் இருந்தாத்தான் வெளிய வரும் டீச்சர். அது எனக்குத் தெரியாது."

மணி அப்போது பதினொன்றரை.

தவமலர் கேட்டார், ஒற்றை நட்சத்திரம் இட்டார், மீண்டும் கேட்டார். கிழவர் மிட்டாயைச் சொன்னார்: ஒன்று. பாட்டைச் சொன்னார்: ஒன்று. தம் வாழ்நாளில் ஒருவரிடமும் இவ்வாறு முகத்திலறைந்தாற்போல் பேசியதில்லை தவமலர். பன்னிரண்டு மணிக்கு மேல் கிழவரின் சிரிப்பு குழம்பியது. "நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா தாயி?" என்று கேட்டார். அதற்கும் ஒன்று.

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டார். "பாவமா இருக்கு டீச்சர். அடிக்கிற மாதிரி இருக்கு."

"பாவம் பாத்துப் பாத்துத்தான்கா இங்க வந்து நிக்கிறோம்."

ஒரு மணிக்குக் கிழவர் மழையைப் பற்றிப் பேசினார். ஒன்றரைக்கு, முட்டிவரை சேறு. இரண்டு மணிக்கு அந்தச் சொல் வந்தது: வாந்திபேதி. தவமலர் ஐந்து இட்டார். அணை உடைந்தது போலாயிற்று. குழி வந்தது, கங்காணியின் பிரம்பு வந்தது, மூங்கில் படுக்கையில் காலையில் எழாதவர்கள் வந்தனர். கொட்டகையில் நாற்பது பேர் என்றவர், அடுத்த முறை நானூறு என்றார். அதற்கடுத்த முறை நாலாயிரம். தவமலரின் மனத்தில் ஏதோ நெருடியது. எண்ணிப் பார்க்க நேரமில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்காமல் இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தனர்.

மூன்று இருபத்தைந்துக்கு அவர் கேட்டார்: "அவங்க பேரு ஐயா?"

கிழவர் கண்களை மூடினார். அன்று ஒலிநாடாவுக்கு முன் செய்ததாகச் சொல்லப்பட்டது போலவே, கையை முழங்கால்மேல் வைத்து, விரல்களை மடக்கத் தொடங்கினார்.

"அன்பழகன். இளமாறன்..."

"டீச்சர்!" கோகிலவாணி எழுதத் தொடங்கினார். கண்ணீர் காகிதத்தில் விழுந்தது; புறங்கையால் துடைத்துவிட்டு எழுதினார். "கலைமணி... குமுதன்... சொல்லுங்கய்யா, சொல்லுங்க..."

தவமலர் மேசைமேல் தலையைச் சாய்த்தார். காலை முதல் அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. எத்தகைய இனிய ஒழுங்கு! எங்கோ கேட்டுக் கேட்டுப் பழகிய தாளம்.

"கோமதி. சரவணவேல். தர்ஷிகா. திவ்யேஷ்..."

தவமலர் தலையை நிமிர்த்தினார்.

1943இல் பத்து லிந்தாங் தோட்டத்தில் தர்ஷிகா என்று ஒருத்தி இருந்திருக்க முடியாது. ஆனால் 2064இல், மூன்றாவது வரிசையில், சன்னலோரமாக ஒருத்தி இருந்தாள். அவளுக்கு அடுத்த இருக்கையில் திவ்யேஷ் இருந்தான். அவனுக்கு அடுத்து நிலவன் வரவேண்டும்.

"நிலவன்," என்றார் கிழவர்.

ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் பிள்ளைகள் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எழுந்து, 'வணக்கம் தாத்தா, என் பெயர்...' என்று சொல்லவேண்டும். அதுவும் தவமலர் கற்பித்த மரியாதைதான். பெயர் கேட்டார்கள், கிழவர் தம்மிடம் இருந்த பெயர்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேறு பெயர் அவரிடம் இல்லை.

மணி மூன்று நாற்பத்திரண்டு. கோகிலவாணி முப்பத்தாறாவது பெயரை எழுதிக்கொண்டிருந்தார். முகம் விளக்கேற்றியது போல் இருந்தது. ஐந்து பெயர்கள் வந்தால் பட்டியல் நிறையும். கல் நிறையும். ஞாயிற்றுக்கிழமை கல்லுக்கு மாலை போடுவார்கள். யாருக்குத் தெரியும்? எவர் வந்து கேட்கப்போகிறார்கள்? வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதைவிட நல்ல வார்த்தை உலகில் உண்டா?

"அக்கா, எழுதாதீங்க."

"இருங்க, இன்னும் அஞ்சுதான்..."

"அது என் பிள்ளைங்க பேருக்கா. அறுபத்துநாலாம் வருசத்து வகுப்பு. தர்ஷிகா தைப்பிங்ல பல் டாக்டரா இருக்கா. உயிரோட இருக்கா."

கோகிலவாணி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "இல்ல. அப்பவும் அந்தப் பேரு இருந்திருக்கும். ஏன் இருக்கக்கூடாது? எங்க கொள்ளுத்தாத்தா பேரு கடைசில வரும். கேக்குறேன் பாருங்க." திரைப்பக்கம் திரும்பினார். "ஐயா, சின்னக்கறுப்பன்னு ஒருத்தரு உங்ககூட வந்தாரா?"

"வராம தாயி! எம் பக்கத்துப் படுக்கதான். தங்கமான மனுசன். மூணாம் மாசம் என் மடியிலதான் உயிரு போச்சு."

"கேட்டீங்களா?" கோகிலவாணி அலறினார். "மடியிலன்னு சொல்றாரு. கேட்டீங்களா?"

தவமலர் திரைக்கு அருகில் வந்தார்.

"ஐயா, தவமலர்னு ஒருத்தி வந்தாளா?"

"வந்தா தாயி," என்றார் கிழவர், சற்றும் தாமதியாமல். கண்கள் கலங்கியிருந்தன. "நல்ல பொண்ணு. வாந்திபேதியில போயிட்டா. நாந்தான் மண்ணு தள்ளுனேன்."

கோகிலவாணி நோட்டையே பார்த்தார். பக்கத்தைக் கிழிக்கவில்லை; பேனாவை மூடினார். அந்தச் சிறு ஓசை தவமலரின் நெஞ்சில் தைத்தது.

"பத்தொம்பது வருசமா அலைஞ்சேன் டீச்சர். கல்லு வெறுங்கல்லா நிக்கணுமா?"

"என்னை ரெண்டு அறை அறைஞ்சிடுங்க அக்கா."

"அறைஞ்சா பேரு வருமா?"

மணி மூன்று ஐம்பது. முன்பு கிழவர் இனிப்பாகப் பொய் பேசினார். இப்போது கசப்பாகப் பொய் பேசுகிறார். இரண்டில் ஒன்று பத்து நிமிடத்தில் என்றென்றைக்குமாக முத்திரையிடப்படும். நாளை ஏதோ ஒரு பிள்ளை எண் 388ஐத் திறந்து, யாருடைய பெயரைச் சொன்னாலும், அவர் செத்தார் என்று கேட்டுக்கொள்ளும். பொய்யை ஒருநாள் எவராவது கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்தவர்கள், சயாமுக்கு எவருமே போகவில்லை என்றும் சொல்வார்கள்.

தவமலர் மீண்டும் அமர்ந்தார். "பேரு சொல்லுங்க ஐயா."

"அன்பழகன்..." ஒன்று.

"பேரு சொல்லுங்க."

"ராமசாமி. முனியாண்டி..." ஊகம். ஒன்று.

"பேரு."

கிழவர் தவமலருக்குப் பிடிக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுத்து நீட்டினார். பெண்கள் பெயர், ஊர்ப் பெயர், சாமி பெயர். ஒன்று, ஒன்று, ஒன்று. கடைசியில் வெறும் பையைக் கவிழ்த்தவரைப் போல் உள்ளங்கைகளை விரித்தார். 'தெரியாது என்று சொல்லுங்கள்' என்பது தவமலரின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். சொல்லிக்கொடுத்தால் அதுவும் தம் பாடம்தான், சாட்சியம் ஆகாது. கோகிலவாணி தவமலரின் தோளைப் பிடித்திருந்தார். வெறுப்பினாலா ஆதரவினாலா என்பது அந்தப் பிடியில் தெரியவில்லை.

"பேரு ஐயா," என்றார் தவமலர்.

மணி மூன்று ஐம்பத்தொன்பது.

"தெரியல தாயி," என்றார் கிழவர். "நாப்பத்தோரு பேரு இருந்தாங்க. மறந்துட்டேன்."

தவமலர் ஐந்து நட்சத்திரம் இட்டார்.

ஐந்து நட்சத்திரம் விழுந்தால் வகுப்பு முடிகிறது என்று பொருள். பதினோராண்டுப் பழக்கம். கிழவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, முகத்தை மலர்த்தி, பெட்டியிலிருந்து முன்னே சாய்ந்தார்.

"அப்ப ஒரு நல்ல வார்த்த சொல்லி முடிச்சிக்கிறேன் தாயி. அவங்க எல்லாரும்..."

"வேண்டாம் ஐயா," என்றார் தவமலர். "இன்னிக்கு வேண்டாம்."

நல்ல வார்த்தை சொல்கையில் ஒருபோதும் மறுக்கப்படாதவர் அவர். வாய் திறந்தபடி நின்றது. பிறகு மெல்ல மூடியது. மூடிய அந்த முகத்தின்மேல் முத்திரை இறங்கியது.

கோகிலவாணி நோட்டைப் பையில் போட்டார். "ஒரு பேரு இருக்குல்ல," என்றார், எவரிடமோ பேசுவது போல. "சின்னக்கறுப்பன். அத மொதக் கோட்டுல வெட்டச் சொல்றேன். மத்த நாப்பது கோடு அப்படியே இருக்கட்டும்." முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வாசல் வரை சென்றவர், திரும்பிப் பார்க்காமல், "போறேன் டீச்சர்," என்றார்.

வருகிறேன் என்று சொல்லுங்கள் என அவரைத் திரும்ப அழைக்கத் தவமலருக்கு வாய் வரவில்லை.

திரையின் கீழ்மூலையில் ஒரு வரி நின்றது: சாட்சி எண் 388, இறுதிப் பேச்சு, பிற்பகல் 3 மணி 59 நிமிடம் 48 விநாடி.